முதலாளி குறிப்பிடும் வேறு இடங்கள்

அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கை வரலாற்றில் நான் அறுபத்தெட்டு மதிப்பெண் வாங்கியவன். அஞ்சல்வழி எம்.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் தாள். அந்த மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அருவருப்பு வருகிறது. முதலில் அந்த நாட்டின் மீது வரும், அடுத்து அந்தப் பாடப் புத்தகத்தின் மீது, கடைசியில் அதைப் படித்துத் தேறியவன் மீது. இப்போதெல்லாம் கடைசியில் வருவதுதான் நெடுநேரம் தங்குகிறது.

இரண்டாயிரத்து மூன்றில் நான் ஸ்ரீபெரும்புதூரில் குடியிருந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு ரப்பர் பாகங்கள் வார்க்கும் கம்பெனியில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்து வாத்தியாராகிவிடலாம் என்ற நினைப்பில், அதுவரைக்கும் என்று வந்த வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. வீட்டுக்கார அம்மா உள்ளூர்க்காரர். வயலைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் வரிசையாக ஏழு அறை கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு விட்டிருந்தார்.

அறைக்கு நான்கு பேர், இரண்டு பாய். பகல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்ட்காரன் வந்து படுப்பான். என் பாயின் பங்காளி ராமநாதபுரத்துக்காரன். என்னைவிட மூன்று வயது சின்னவன், எங்கள் கம்பெனி கேன்டீனில் சமையல் ஆள். நான் பகலென்றால் அவன் இரவு, அவன் பகலென்றால் நான் இரவு. இரண்டு வருடம் ஒரே தலையணையில் தூங்கியவர்கள், முகம் பார்த்துப் பேசியது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

மற்ற நாட்களில் எங்கள் பேச்சுவார்த்தை காலண்டர் தாளில் நடந்தது. நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவோம். 'ரசம் இருக்கு, சூடு பண்ணிக்கங்க.' 'மோட்டார் ரிப்பேர், தண்ணி குடத்துல இருக்கு.' இப்படி. நான் எழுதும் தாள்களின் அடியில் மட்டும் கையெழுத்துக்குப் பதிலாக 'எம்.ஏ. (இரண்டாம் ஆண்டு)' என்று போடுவேன். விளையாட்டுக்குத்தான் என்று சொல்லிக்கொள்வேன். விளையாட்டு இல்லை, கர்வம். ரப்பர் புகையில் கருத்துப்போன ஒரு கூட்டத்தில் நான் ஒருவன் மட்டும் படித்துக்கொண்டிருக்கிறேன் என்ற திமிர்.

படித்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். சாணித் தாளில் அச்சடித்த பாடப் புத்தகம். அதில் அந்த வல்லரசின் இருநூறு வருடக் கொள்கைகளுக்கு ஒவ்வொரு பெயர். தனித்திருக்கும் கொள்கை என்று தொடங்கும். எவர் வம்புக்கும் போகமாட்டோம் என்று பொருள். சொல்லிக்கொண்டே பக்கத்து நாட்டின் பாதியைச் சண்டையில் பிடுங்கியிருப்பார்கள். பிறகு பெருந்தடிக் கொள்கை: மெதுவாகப் பேசு, கையில் தடி வைத்துக்கொள். இதைக்கூட மன்னிக்கலாம், ரவுடி தன்னை ரவுடி என்று சொல்லிக்கொள்கிறான். அடுத்து டாலர் ராஜதந்திரம், தடிக்குப் பதில் கடன். சீனாவுக்குத் திறந்த கதவுக் கொள்கை. யார் வீட்டுக் கதவை யார் திறந்துவைப்பது என்று புத்தகம் கேட்கவில்லை. கரீபியன் தீவுகளில் வருடக்கணக்கில் பட்டாளத்தை உட்காரவைத்துவிட்டு அதன் பிறகு ஒரு பெயர் வைத்தார்கள் பாருங்கள், நல்ல அண்டை வீட்டார் கொள்கை. பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு விடுதலை வாங்கித் தருவதாகப் போய், அவர்களையே சுட்டுத் தள்ளி, தீவுகளை வைத்துக்கொண்ட கதைக்கு 'நாகரிகப்படுத்தும் பொறுப்பு' என்று தலைப்பு. வல்லான் வகுத்ததே வாய்க்கால். அந்த வாய்க்காலுக்கு ஐந்து சாதகங்கள், ஐந்து பாதகங்கள் என்று எழுதினால் நமக்குப் பதினைந்து மதிப்பெண்.

அந்தப் புத்தகத்தைக் கடைசியாகத் திருத்தியவர் எப்போது திருத்தினாரோ, அதில் சோவியத் யூனியன் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. 'பனிப்போர் இன்றளவும் தொடர்கிறது' என்று ஒரு அத்தியாயம் முடியும். சென்னையில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் நேர்முக வகுப்பில் பேராசிரியரிடம் எழுந்து கேட்டேன்.

"சார், சோவியத் யூனியன் உடைஞ்சு பன்னெண்டு வருசம் ஆச்சே?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேள்வித்தாள் எடுக்கிறவரும் இதே புத்தகத்தை வெச்சுத்தான் எடுப்பார். திருத்துறவரும் இதை வெச்சுத்தான் திருத்துவார். அதனால நீங்க பனிப்போர் நடக்குதுன்னே எழுதுங்க. உங்களுக்கு பாஸ் ஆகணுமா, வேணாமா?"

பாஸ் ஆகவேண்டும். உட்கார்ந்துவிட்டேன். அன்று பேருந்தில் திரும்பும்போது பூந்தமல்லி வரைக்கும் அந்த மனிதரை மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டே வந்தேன். வந்து இறங்கியதும் பனிப்போரின் இன்றைய நிலையை மனப்பாடம் செய்யத் தொடங்கினேன்.

அந்த ஏப்ரலில் ஈராக் போரை வீட்டுக்கார அம்மாவின் டிவியில்தான் பார்த்தோம். பேரழிவு தரும் ஆயுதங்கள் இருக்கின்றன என்று உள்ளே போனவர்கள் ஒன்றையும் கண்டுபிடிக்காமல் அந்நாட்டு அதிபரின் சிலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அறைக்காரர்களுக்குப் பின்னணி வரலாறு சொல்லிக்கொண்டிருந்தேன். பெருந்தடி, அண்டை வீட்டார், எல்லாம். வீட்டுக்கார அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"இன்னாபா, அவன் வூட்டுல பூந்துகினு அவனயே தள்றாங்க. கேக்கறதுக்கு ஆளே இல்லியா?"

"இல்லம்மா. இதுக்குப் பேரு விடுதலை."

"நல்லா வெச்சாங்க பேரு. எங்க நெலத்த எடுக்க வந்தவங்களும் வளர்ச்சின்னாங்க."

நான் சிரித்தேன். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்ற சிரிப்பு. என் புத்தகம் நூற்றிருபது பக்கத்தில் சொல்லத் தெரியாமல் திணறியதை அவர் ஒரு கட்டுக் கீரைக்குள் சொல்லி முடித்தார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அதே சமயம் கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து கொள்முதல்காரர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். போரைப் பற்றி எவரும் வாய் திறக்கக் கூடாது என்று ஹெச்.ஆர். ஆபீஸ் சூப்பர்வைசர்கள் வழியாகச் சொல்லி அனுப்பியது. வாசலில் வரவேற்புப் பலகை, பலகையில் அவர்கள் கொடி, சந்தனம் குங்குமத்தோடு புடவை கட்டிய பெண்கள். ஓடாத இயந்திரத்துக்குக்கூட பெயின்ட் அடித்தார்கள். ஐந்து வருடம் முன்பு அணுகுண்டு வெடித்தோம் என்று நமக்குத் தடை போட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் நெற்றியில் குங்குமத்தோடு லைனைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் காரமில்லாமல் சமைத்தவன் என் பாய்ப் பங்காளி. அதில் ஒருவர் சமையலறைக்குள்ளேயே வந்து கை கொடுத்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சொன்னான். "நல்ல மனுசங்கதாண்ணே. நம்ம மேனேஜரு ஒருநாளாச்சும் அடுப்படிக்கு வந்துருக்காரா? நீங்க என்னமோ அவங்கள இந்தத் திட்டு திட்டுறீங்க."

"கை குடுத்தா நல்லவனாடே? கொள்கைன்னு ஒண்ணு இருக்கு, அதப் பாக்கணும்," என்றேன். அவனுக்குக் கொள்கை விளங்கவில்லை என்பதில் எனக்கு ஒரு நிறைவு.

அந்த வருடக் கடைசியில் கேன்டீன் கான்ட்ராக்டர் மாறினார். புதுக் கான்ட்ராக்டர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்ததால் பழைய ஆட்களுக்கு அந்த மாதம் வரைக்கும்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். பேருந்து நிலையத்தை ஒட்டி, லாட்ஜின் மாடியில் ஒரு ஏஜென்ட் இருந்தார். குவைத்தில் பெரிய முகாம் சமையலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் சொல்ல, பங்காளி பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். ஒப்பந்தத் தாள் ஆங்கிலத்தில் வந்தது.

அது என் இரவு ஷிப்ட் வாரம். மூன்றாம் தாள் பரிட்சை சனிக்கிழமை. புதன்கிழமை காலை ஆறரைக்கு அறைக்கு வந்தேன். அவன் வேலைக்குப் போயிருந்தான், பாயில் இன்னும் சூடு இருந்தது. தலையணைக்கு அடியில் அந்த ஒப்பந்தம், மேலே காலண்டர் தாள். 'அண்ணே, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. நாளைக்குக் கையெழுத்துப் போடணும். நீங்க சொன்னா போறேன், இல்லாட்டி ஊருக்குப் போயிருறேன்.'

பல் துலக்கிக்கொண்டே படித்தேன். நான்கு பக்கம். வேலை நேரம், தங்குமிடம், விடுமுறை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பணியாளர் குவைத்திலும், தேவைக்கேற்ப முதலாளி குறிப்பிடும் வேறு இடங்களிலும் பணிபுரிய ஒப்புக்கொள்கிறார்.

அந்த வரி என் கண்ணில் படாமல் போகவில்லை. பட்டது, படித்தேன், சிரித்தேன். காரணம் இருக்கிறது. எங்கள் தொழிற்பேட்டையில் எவனுடைய வேலை உத்தரவை எடுத்தாலும் அந்த வரி இருக்கும். 'நிறுவனம் இந்தியாவில் எந்த இடத்திலுள்ள கிளைக்கும் உங்களை மாற்றலாம்.' எங்கள் கம்பெனிக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ஷெட், ஒரகடத்தில் ஒரு கோடவுன். அவ்வளவுதான் சாம்ராஜ்யம். எங்களில் மிகத் தொலைவுக்கு மாற்றப்பட்டவன் ஒரகடத்துக்குப் போனான், மூன்றாம் நாள் கோடவுனில் ஆடு மேய்கிறது என்று திரும்பி வந்துவிட்டான். அந்த வரியை வைத்து நாங்கள் வருடக்கணக்கில் கேலி பேசியிருக்கிறோம். எவனாவது ஷிப்டுக்கு லேட்டாக வந்தால், 'உன்னைக் காஷ்மீருக்கு மாத்திருவாங்க' என்போம்.

குவைத்துக்கு வடக்கே என்ன நாடு என்று எனக்குத் தெரியும். அங்கே யார் முகாம் போட்டிருக்கிறார்கள் என்று எட்டு மாதமாக அறைக்காரர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான்தான். நம் நாடு அந்தப் போருக்குச் சிப்பாய்களை அனுப்பாது என்று அரசு முடிவெடுத்தபோது அதையும் கெட்டிக்காரத்தனமாக விளக்கியவன். ஆனால் பரிட்சைக்கு மூன்று நாள்தான் இருந்தது, தூக்கம் கண்ணைச் சொக்கியது, பனிப்போர் இன்றளவும் தொடர்ந்துகொண்டிருந்தது. காலண்டர் தாள் ஒன்றை எடுத்து எழுதினேன்.

'படித்தேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை. வேறு இடங்கள் என்பது எல்லா ஆர்டரிலும் சும்மா போடுவது, நம்ம ஒரகடம் மாதிரி. தைரியமாகப் போ. எம்.ஏ. (இரண்டாம் ஆண்டு).'

எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படுத்துத் தூங்கிவிட்டேன், நல்ல தூக்கம்.

சனிக்கிழமை பரிட்சையில் 'சோவியத்தைக் கட்டுப்படுத்தும் கொள்கையின் இன்றைய நிலையை மதிப்பிடுக' என்று கேட்டிருந்தார்கள். மாஸ்கோவின் அச்சுறுத்தல் குறையவில்லை என்று ஆறு பக்கம் எழுதினேன். கூடுதல் தாள் வாங்கிக் கட்டினேன்.

பொங்கல் முடிந்த மறுவாரம் அவன் கிளம்பினான். புதுப் பெட்டி, புதுச் சட்டை. வீட்டுக்கார அம்மா விபூதி பூசிவிட்டார். பேருந்தில் ஏற்றிவிட நான் போனேன்.

"பாய் இனிமே முழுசா உங்களுக்குத்தாண்ணே," என்றான்.

பிப்ரவரியில் வீட்டுக்கார அம்மாவின் போனுக்கு ஒருமுறை பேசினான். குவைத் வந்து சேர்ந்துவிட்டேன், பெரிய ஷெட்டில் தங்கவைத்திருக்கிறார்கள், இன்னும் வேலை கொடுக்கவில்லை என்றான். அதற்குப் பிறகு போன் இல்லை. மார்ச், ஏப்ரல், மே போயின. ஈராக்கில் முகாம்களுக்குச் சாமான் ஏற்றிப்போன லாரி டிரைவர்களை ஆயுதக் கும்பல்கள் பிடித்து வைத்திருக்கும் படங்கள் டிவியில் வரத் தொடங்கின. அமெரிக்க முகாம்களில் பாத்திரம் கழுவுவது, பரிமாறுவது எல்லாம் நம் ஊர் ஆட்கள்தான் என்று அப்போதுதான் செய்தித்தாள்கள் கண்டுபிடித்தன. சிப்பாயை அனுப்பமாட்டோம் என்று மார் தட்டிய நாட்டிலிருந்து சிப்பாய்க்குச் சோறு போடுகிறவர்கள் கப்பல் கப்பலாகப் போயிருந்தார்கள். அந்த மகத்தான ராணுவத்துக்கு உலகத்தையே ஆள முடிந்தது, உருளைக்கிழங்குத் தோல் உரிக்க முடியவில்லை. அதற்கு ராமநாதபுரத்திலிருந்து ஆள் தேவைப்பட்டது. இதற்கு என்ன கொள்கை என்று பெயர் வைத்தார்களோ, என் புத்தகத்தில் இல்லை.

"அந்தப் பையன் இன்னாபா ஆனான்? போன் கீன் பண்ணானா?" என்று வீட்டுக்கார அம்மா தினமும் கேட்பார்.

"குவைத்துலதாம்மா இருப்பான். அங்க சிக்னல் கெடைக்காது," என்பேன். மூன்றாம் பக்கத்து வரி ஒவ்வொரு நாளும் ஞாபகத்துக்கு வந்தது. எவரிடமும் சொல்லவில்லை. பயத்தில் சோறு இறங்காத நாட்கள் உண்டு. அந்த நாட்களில்தான் பரிட்சை முடிவு வந்தது. அறுபத்தெட்டு.

அடுத்த பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அவன் அறை வாசலில் வந்து நின்றான். உடம்பு பாதியாகியிருந்தது. நான் கட்டிப்பிடித்து என்னென்னவோ பேசினேன். அவன் தலையைத் திருப்பிக்கொண்டு, "இங்கிட்டு வந்து பேசுங்கண்ணே, அந்தக் காது கேக்காது," என்றான்.

பாயில் உட்கார்ந்து சொன்னான். குவைத் ஷெட்டில் மூன்று வாரம் சும்மா இருந்திருக்கிறார்கள். ஒருநாள் காலையில் பஸ் வந்தது. முகாம் ஈராக் எல்லைக்கு அந்தப் பக்கம் என்றார்கள். தமிழ் ஆட்கள் ஏழு பேர் ஏற மறுத்தார்கள். மேஸ்திரி ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினான். அப்போதும் அவர்கள் நகரவில்லை.

"அப்பறம் எப்படிடே போனீங்க?"

"நான்தாண்ணே சொன்னேன். உங்க தாள ஒப்பந்தத்தோட பின் குத்தி வெச்சிருந்தேன்ல, அத எடுத்துப் படிச்சுக் காட்டுனேன். எங்க அண்ணன் எம்.ஏ. படிக்கிறாரு, அமெரிக்காக்காரனப் பத்தியே படிக்கிறாரு, அவரு பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டாருன்னேன். புதுக்கோட்டைக்காரர் ஒருத்தரு, கல்யாண வீட்டுக்கெல்லாம் சமைச்சவரு, அந்தத் தாள ரெண்டு தடவ வாங்கிப் பாத்தாரு. சரிப்பா, படிச்ச புள்ள சொல்லுதுன்னு அவருதான் மொதல்ல ஏறுனாரு."

அவன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தான். மடிப்புகள் நைந்திருந்தன. என் கையெழுத்து, என் எம்.ஏ., அடைப்புக்குறிக்குள் என் இரண்டாம் ஆண்டு.

அக்டோபரில் சமையல் கூடாரத்துக்குப் பின்னால் குண்டு விழுந்தது. அவனுக்குக் காது போனது. அரிசி களைந்துகொண்டிருந்த புதுக்கோட்டைக்காரர் அங்கேயே இறந்துபோனார். உடல் ஊருக்கு வந்தபோது கூட வந்த தாளில் இறந்த இடம் குவைத் என்று போட்டிருந்ததாம். வேறு இடம் எதுவும் அதில் இல்லை.

"அவரு வீட்டம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியலண்ணே. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. போய்ப் பாத்தேன், எனக்குச் சொல்ல வரல. நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, எல்லாத்தையும் வெவரமா."

அவன் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை, ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பேனாவை எடுத்தேன். 'உங்கள் கணவரை அந்த வண்டியில் ஏற்றியது நான் எழுதிய ஒரு தாள்' என்று ஆரம்பித்தேன். அடித்தேன். வேறு தாளில் அதையே எழுதி, அதையும் கிழித்தேன். மூன்றாவது தாளில் கை தானாக ஓடியது. அன்றைய உலகச் சூழ்நிலை, எல்லையை ஒட்டிய முகாம்களின் தேவை, எதிர்பாராத தாக்குதல். வண்டியில் ஏறும்படி ஆயிற்று என்று எழுதினேன். யாரால் ஆயிற்று என்று எழுதவில்லை. இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல், பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதுவது போல வந்தது. அந்தப் புத்தகத்தை எழுதியவன் மீது நான் துப்பிய எச்சில் முழுக்க என் முகத்திலேயே இருந்தது. ஆனாலும் எழுதி முடித்தேன்.

அவன் நிதானமாகப் படித்தான். படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அந்தத் தாளப் பத்தி எழுதலையாண்ணே?"

"அது எதுக்குடே? அவங்களுக்கு வருத்தம்தான் கூடும்."

கடிதத்தை மடித்தான். பிறகு தலையாட்டினான்.

"அதுவும் சரிதான். நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்."

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு, பேருந்து நிலையத்துத் தபால் பெட்டியில் போட நடந்து போனான்.